சம்மதத்துடன் டொரன்ட்: யாழ்ப்பாணத்து இசையையும் நாடகத்தையும் படங்களையும் இவ்வழியில் வெளியிடலாமா?

அரியாலையூரான் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இன்று உருவாகும் இசைத்தொகுப்புகளும் குறும்படங்களும் இசை நாடகப் பதிவுகளும் பெரும்பாலும் யூடியூபில் ஏற்றப்படுகின்றன. அதன்பின் மூலக்கோப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. அலைவரிசையை நடத்தியவர் வெளிநாடு போய்விட்டாலோ, கடவுச்சொல் தொலைந்தாலோ, பின்னணியில் ஒலித்த ஒரு பாட்டுக்கு வேறொருவர் உரிமை கோரினாலோ முழுப் படைப்பும் ஒரே நாளில் எட்டாமற் போகிறது. இறுவட்டு வாங்குவோரும் அருகிவிட்டனர்.

ஆகவே டொரன்ட் வழியாக, படைப்பில் பங்குகொண்ட அனைவரினதும் எழுத்துமூலச் சம்மதத்துடன், நமது ஆக்கங்களை வெளியிட முடியுமா என்பதைக் கதைக்க விரும்புகிறேன். டொரன்ட் என்றதும் களவுப் பிரதியே பலருக்கு நினைவில் வருகிறது. ஆனால் பிராம் கோயன் என்ற நிரலாளர் 2001 இல் வெளியிட்ட, பிட்டொரன்ட் என்னும் அந்த நெறிமுறை செய்வது வேறொன்றுமில்லை: ஒரு கோப்பைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புக் குறியீட்டை வைத்து, பெற்றவர் பெற்ற துண்டை அடுத்தவருக்குக் கொடுக்கும்படி செய்கிறது. நூறு பேர் கேட்டாலும் ஒரே கணினி முழுக்கோப்பையும் நூறு முறை அனுப்ப வேண்டியதில்லை. பெரிய சேவையகத்துக்கு மாதாமாதம் டொலரில் பணம் கட்ட இயலாத நாடகக் குழுக்களுக்கும் இளம் இயக்குநர்களுக்கும் இது பெரும் வசதி. அதைவிட முக்கியமானது, முழுமையான பிரதிகள் பல வீடுகளில், பல நாடுகளில் தங்கிவிடும் என்பது. 1981 இல் 97,000 க்கு மேற்பட்ட நூல்களுடன் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஊரில், ஒன்றின் பிரதிகள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்பது சிறிய கேள்வி அன்று.

உரிமையாளரின் அனுமதியோடு இம்முறையைக் கையாண்டவர்கள் உலகில் யார், அவர்களில் பலர் ஏன் நிறுத்திக்கொண்டனர், நமக்குப் பொருந்தக்கூடியது எது என்பவற்றை அறிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

கொக்குவில் வலையமைப்பாளர் எழுதியது:

அண்ணா, நிறுத்திக்கொண்டவர்களின் கதையிலேயே நமக்குத் தேவையான பாடம் அதிகம் இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

1999 இல் வந்த நாப்ஸ்டர் என்ற இசைக்கோப்புப் பகிர்வுச் சேவை 2001 இல் நீதிமன்றத்தால் முடங்கியது. 2005 இல் குரொக்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பதிப்புரிமையை மீறுமாறு பயனரைத் தூண்டும் நோக்கத்துடன் ஒரு கருவியை வழங்குபவர் அந்த மீறலுக்குப் பொறுப்பாவார் என்று தீர்ப்பளித்தது. இதே காலத்தில் பெரிய நிறுவனங்கள் அதே தொழில்நுட்பத்தைத் தாமே பயன்படுத்திப் பார்த்தன. வேர்ல்ட் மீடியா நிறுவனத்தின் பியர் இம்பாக்ட் சேவை, பாட்டுகளையும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் படங்களையும் அனுமதி பெற்று விற்றதோடு, தமது கணினியிலிருந்து பிறருக்குக் கோப்பை அனுப்ப உதவிய வாடிக்கையாளருக்குச் சிறு வரவும் வைத்தது. வார்னர் பட நிறுவனம் தன் படங்களை விற்க 2006 இல் பிட்டொரன்ட் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்தது. 2007 பெப்ரவரியில் தொடங்கிய பிட்டொரன்ட் நிறுவனத்தின் இணையக் கடையோ 2008 முடிவதற்குள் மூடப்பட்டது.

ஏன் மூடப்பட்டது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது. வாங்கியவர் தமது இணைப்பின் தரவேற்ற வேகத்தையும் மின்சாரத்தையும் நிறுவனத்துக்குக் கொடுத்தார். அதற்கு மாற்றாக அவருக்குக் கிடைத்தது விண்டோஸ் கணினியில் மட்டும் ஓடும், பூட்டுப் போட்ட ஒரு கோப்பு. வாடகைப் படம் என்றால் குறித்த நேரம் முடிந்ததும் அதுவும் திறக்காது. பணம் கட்டாதவர் அதே படத்தைப் பூட்டில்லாமல் வைத்திருந்தார். நேர்மையாக நடந்தவருக்குக் குறைந்த தரமான பொருளைக் கொடுத்த எந்த ஏற்பாடும் நின்று பிடிக்கவில்லை.

பிபிசியின் நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்கும் ஐபிளேயர் சேவை 2007 இறுதியில் வந்தபோது அதன் தரவிறக்கப் பகுதி பயனர்களே தமக்குள் கோப்பைப் பகிரும் கொன்டிக்கி என்னும் மென்பொருளில் ஓடியது. அந்த மென்பொருள் பின்னணியில் தொடர்ந்து இயங்கிப் பயனரின் இணைப்பை எடுத்துக்கொண்டதால் முறைப்பாடுகள் எழுந்தன. ஓராண்டுக்குள் பிபிசி தன் சேவையகத்திலிருந்தே தரவிறக்கும் முறைக்கு மாறியது. ஸ்பொட்டிஃபை என்ற இசைச் சேவை பயனரிடையே பகிர்வதை இதைவிட நேர்த்தியாகச் செய்தது. 2010 இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின்படி, அதன் கணினிப் பயனர்கள் கேட்ட இசைத்தரவில் 8.8 சதவீதம் மட்டுமே நிறுவனத்தின் சேவையகங்களிலிருந்து வந்தது, 35.8 சதவீதம் பிற பயனரிடமிருந்தும் எஞ்சியது பயனரின் சொந்தக் கணினியில் முன்னரே சேமிக்கப்பட்டிருந்ததிலிருந்தும் வந்தன. அவர்களும் 2014 இல் இம்முறையைக் கைவிட்டனர். சேவையகச் செலவு குறைந்ததும் கேட்பவர்கள் கைபேசிக்கு மாறியதும் அந்தத் தேவையை இல்லாமற் செய்தன.

நமக்கு நெருக்கமான முன்மாதிரி நோர்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. மக்கள் பணத்தில் எடுத்த ஒரு தொடரை 2008 இல் எந்தப் பூட்டும் இல்லாமல் டொரன்ட் வழியாக வெளியிட்டு, அடுத்த ஆண்டு, பகிர்பவர்களை ஒருவரோடொருவர் இணைத்துவிடும் சேவையகமான டிராக்கரையும் தனக்கெனச் சொந்தமாக நிறுவியது. உரிமைச் சிக்கல் இல்லாத நிகழ்ச்சிகளையே அதற்குத் தெரிவு செய்தது என்பதைக் கவனியுங்கள். கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியும் 2008 இலேயே ஒரு நிகழ்ச்சியை இவ்வாறு கொடுத்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக்காப்பகம் 2012 இலிருந்து தன் சேமிப்பிலுள்ள பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளுக்கு டொரன்ட் கோப்புகளை வழங்குகிறது.

வட்டுக்கோட்டை இசையாசிரியை எழுதியது:

தம்பியின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஒலிபரப்பு நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு மாதச் சம்பளம் உண்டு. கோயில் திருவிழாக் காலத்தை நம்பி ஆண்டு முழுவதும் வாழும் தவில் வித்துவானுக்கோ, ஒரு நாடகத்துக்கு ஹார்மோனியம் வாசித்து வீடு திரும்பும் முதியவருக்கோ இலவசப் பகிர்வால் என்ன வருமானம் கிடைக்கும்? சம்மதம் கேட்கும்போது இதற்கு ஒரு விடையைக் கையில் வைத்திருங்கள்.

கொக்குவில் வலையமைப்பாளர் எழுதியது:

அக்கா, நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழு 2008 மார்ச்சில் 36 உருப்படிகள் கொண்ட தொகுப்பொன்றை வெளியிட்டு, முதல் ஒன்பதைத் தானே டொரன்ட் தளங்களில் ஏற்றியது. அதே தொகுப்பின் 300 டொலர் சிறப்புப் பதிப்பில் 2,500 பிரதிகளும் சில நாட்களுக்குள் விற்று 750,000 டொலர் சேர்ந்தது. ரேடியோஹெட் குழுவின் தொம் யோர்க் 2014 இல் தனிப்பட்ட இசைத்தொகுப்பு ஒன்றை டொரன்ட் வழியாகவே ஆறு டொலருக்கு விற்றார்.

இவற்றை நமக்கு அப்படியே பொருந்தும் உதாரணங்களாகக் காட்டவில்லை. ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றவர்களுக்கு நடந்தவை இவை. கோப்பு விலையின்றிப் பரவும்போதும் கைக்கு வரும் பொருளுக்கும் மேடைக்கும் மக்கள் பணம் கொடுக்க முன்வந்தனர் என்பதே இவற்றிலிருந்து எடுக்கத்தக்கது. நம் ஊரில் அந்தப் பணம் அநேகமாக ரொறன்ரோவிலோ லண்டனிலோ நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்கான அழைப்பாகவோ, கோப்போடு சேர்த்து வைக்கப்படும் வங்கிக் கணக்கு விபரத்துக்கு வரும் நன்கொடையாகவோ இருக்கும்.

வட்டுக்கோட்டை இசையாசிரியை எழுதியது:

அழைப்பு வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வந்தால் நல்லது என்று மட்டும் சொல்லுங்கள். பதிவு நாளுக்கான சன்மானத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டுச் சம்மதம் கேட்பதே முறை. அந்தச் செலவுக்குப் புலம்பெயர்ந்தோரிடம் பணம் சேர்க்கலாம். கலைஞருக்குக் கொடுத்த பின்னர் பகிர்வு இலவசமாக இருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

நல்லூர்ச் சட்டத்தரணி எழுதியது:

சட்டத்தின் பார்வையில் வழி முக்கியமன்று, அனுமதியே முக்கியம். இலங்கையில் இதை ஆள்வது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரே பதிவில் பல உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதை விளங்கிக்கொள்ளாமல் சம்மதப் பத்திரம் எழுதினால் அது பயனற்றுப் போகும் என்பதால் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1970 இல் ஒரு கோயில் வீதியில் நடந்த நாதஸ்வரக் கச்சேரியை ஒருவர் நாடாவில் பதிவு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசிக்கப்பட்டது தியாகராஜரின் கீர்த்தனை என்றால் அந்த ஆக்கத்துக்கு இன்று பதிப்புரிமை இல்லை. அவர் 1847 இல் மறைந்தார், நமது சட்டத்தில் ஆக்கியோரின் உரிமை அவரது வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். வாசித்தவர்களின் உரிமை, அந்த நிகழ்ச்சி நடந்த ஆண்டிலிருந்து ஐம்பதாவது ஆண்டின் முடிவு வரை. ஆகவே 2020 உடன் அதுவும் முடிந்திருக்கும். இதுவரை தடையில்லை. ஆனால் அதே கச்சேரியின் கடைசிப் பகுதியில், பெரும்பாலான கோயில்களில் நடப்பது போல, மக்கள் கேட்டதற்கு இணங்கச் சினிமாப் பாட்டுகள் வாசிக்கப்பட்டிருந்தால் அவற்றின் இசையமைப்பாளருடைய உரிமை இன்னும் உயிரோடு இருக்கும். அந்தப் பகுதியை நீக்கிவிட்டோ தனி அனுமதி பெற்றோதான் வெளியிட வேண்டும்.

படங்களுக்கு இதைவிடக் கவனம் வேண்டும். நீனா பேலி என்ற அமெரிக்கர் இராமாயணத்தை அடிப்படையாகக் கொண்டு 2008 இல் முடித்த அசைவூட்டப் படத்தில் 1920 களின் பாட்டுகளைப் பயன்படுத்தியிருந்தார். முழுப்படத்தையும் பெரும்பாலும் தனியாகவே வரைந்தவர் அவர்; ஆயினும் அந்தப் பாட்டுகளின் உரிமைக்காக ஏறத்தாழ 50,000 டொலர் செலுத்த நேர்ந்தது. அதன் பின்னரே படத்தைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் என்னும் பொது அனுமதி உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார், டொரன்ட் வழியாகவும் அது பரவியது. நம் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்களில் தென்னிந்தியப் படமொன்றின் பின்னணி இசை ஒலிக்காதவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு இசையமைத்துக் கொடுக்க இங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

ரொறன்ரோ நெடுந்தீவான் எழுதியது:

ஐயா, 1960 களிலும் 70 களிலும் இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களைப் பற்றியும் கேட்க விரும்புகிறேன். 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் அழிந்தன. எஞ்சியிருக்கும் சில படங்கள் யாரோ ஒருவர் தொலைக்காட்சியிலிருந்து வீடியோ நாடாவில் பிடித்த பிரதிகளாகவே உள்ளன. விற்பவரும் இல்லை, கேட்பதற்கு உரிமையாளரும் தெரியவில்லை என்ற நிலையில் அவற்றைப் பகிர்வது எவ்வாறு குற்றமாகும்? அழிந்துபோக விடுவதைவிட அது மேலானது அல்லவா?

நல்லூர்ச் சட்டத்தரணி எழுதியது:

உங்கள் ஆதங்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆயினும் திரைப்படம் போன்ற ஒலி ஒளி ஆக்கத்துக்கு, அது வெளியான ஆண்டு முதல் 70 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. 1978 இல் வெளியான படம் 2048 வரை யாரோ ஒருவருடைய சொத்து. தயாரிப்பாளர் மறைந்திருந்தால் அவரது வாரிசுகள் இருப்பர், அவர்களில் பலர் உங்கள் ஊரிலேயே வாழவும் கூடும். அவர்களைத் தேடிக் கையொப்பம் பெறுவது கடினமான வேலை, முடியாத வேலை அன்று. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி வருவதைப் பாருங்கள். எழுத்தாளரையும் பதிப்பாளரையும் அணுகி அனுமதி கேட்கும் வழக்கம் அங்கே உண்டு. படங்களுக்கு அந்த வேலையை இன்னும் எவரும் முழுமையாக எடுத்துச் செய்யவில்லை. அதுவரை பிரதியைப் பாதுகாத்து வையுங்கள், வெளியிடாதீர்கள்.

பருத்தித்துறையாள் எழுதியது:

எல்லாம் நல்லது, ஆனால் இங்கே யார் டொரன்ட் பயன்படுத்துவார்? என் அயலில் படம் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் கைபேசியில், முற்கொடுப்பனவுத் தரவில் பார்க்கிறார்கள். அவர்கள் பெறுவதற்கும் தரவு செலவாகும், பிறருக்குக் கொடுப்பதற்கும் தரவு செலவாகும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்துவிட்டீர்களா? இரவு முழுவதும் கணினியை ஓடவிட்டுப் பிறருக்கு அனுப்பக்கூடிய வீடு எத்தனை? பென் டிரைவில் பிரதியெடுத்துக் கொடுப்பது இதைவிட வேகமானது.

ரொறன்ரோ நெடுந்தீவான் எழுதியது:

தங்கச்சி, அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம். எங்கள் வீடுகளில் வரையறையற்ற இணைப்பு உண்டு, மின்சாரமும் நிற்பதில்லை. பழைய கணினி ஒன்றை மூலையில் ஓடவிட்டு, முழுக்கோப்பையும் எப்போதும் கொடுத்துக்கொண்டிருப்பது ஒரு குடும்பத்துக்கு எந்தச் சுமையும் இல்லாத வேலை. பரிசிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் ஒவ்வொருவர் அதைச் செய்தால் உலகின் எந்த நேரத்திலும் பிரதி கிடைக்கும். ஊருக்குப் பணம் அனுப்பும் நாம் இதை ஏன் செய்யக்கூடாது?

கொக்குவில் வலையமைப்பாளர் எழுதியது:

பருத்தித்துறையாள் சொன்ன தடை உண்மையானது. கைபேசி இணைப்புகளில் பல பயனர் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால் வெளியிலிருந்து வரும் இணைப்பு அவர்களை அடைவதும் கடினம். ஆகவே யாழ்ப்பாணத்துப் பார்வையாளரைக் கொடுப்பவராக எதிர்பார்க்க வேண்டாம். அவர் உலாவியிலேயே பார்க்கட்டும். ஃபிராமசொஃப்ட் என்ற பிரெஞ்சு அமைப்பின் பியர்டியூப் மென்பொருளில் அது முடியும். 2018 இல் முதலாவது முழுப்பதிப்பு வந்தது. காணொளி ஒரு சிறு சேவையகத்தில் இருக்கும், ஒரே நேரத்தில் பலர் பார்த்தால் அவர்களின் உலாவிகள் துண்டுகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும். கைபேசித் தரவில் இருப்பவர் அந்தப் பகிர்வை அணைத்துவிடலாம். உயர்தர மூலக்கோப்பை மட்டும் டொரன்டாக வெளிநாட்டு வீடுகள் தாங்கட்டும். பென் டிரைவில் கொடுப்பதும் சம்மதப் பத்திரத்தில் அனுமதிக்கப்பட்டால் முற்றிலும் சட்டபூர்வமானதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டொரன்டில் ஒரு கோப்பைப் பகிர்பவரின் ஐபி முகவரி, அதாவது அவரது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண், அதே கோப்பைப் பகிரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். இசை நாடகத்துக்கு அது பொருட்டன்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் பேசும் ஆவணப்படம் போன்றவற்றுக்கு, வடக்கில் இருக்கும் எவரையும் இம்முறையில் பகிருமாறு கேட்கக்கூடாது.

வட்டுக்கோட்டை இசையாசிரியை எழுதியது:

தம்பி அதைத் தொட்டதால், என் மனதில் இருப்பதையும் எழுதுகிறேன். ஒப்பாரிப் பாடல்களைப் பதிவு செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். செத்தவீட்டில், தன் பிள்ளையை இழந்த தாய் பாடியதை அருகில் நின்றவர் பதிவு செய்திருப்பார். அந்த ஒலியில் இருக்கும் இசையும் சொல்வளமும் ஆய்வுக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தாய் எந்த மேடைக்காகவும் பாடவில்லை. யூடியூபில் இருந்தால் அவர் மனம் மாறி நாளைக்கு வேண்டாம் என்று சொல்லும்போது நீக்கலாம். நூறு வீடுகளுக்குப் பரவிவிட்ட கோப்பை எவரும் திருப்பிப் பெற முடியாது. ஐம்பது ஆண்டு கடந்துவிட்டது என்று சட்டம் சொன்னாலும், பாடியவரின் குடும்பம் வேண்டாம் என்றால் வெளியிடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சம்மதம் கேட்கும்போது, பின்னர் மீளப்பெற முடியாது என்பதை அவர்களுக்கு விளங்கும் பேச்சில், அவசரப்படுத்தாமல், வீட்டில் மற்றவர்களும் இருக்கும்போது சொல்ல வேண்டும்.

நல்லூர்ச் சட்டத்தரணி எழுதியது:

ஆசிரியை சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமமும் மீளப்பெற முடியாதது. கொடுத்தவர் பின்னர் புதிதாக வெளியிடுவதை நிறுத்தலாம், ஏற்கெனவே பெற்றவரின் உரிமையைப் பறிக்க முடியாது. அந்த உரிமங்களிலும் பல வகை உண்டு. பெயர் குறிப்பிட்டால் போதும் என்பதிலிருந்து, வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, வெட்டி ஒட்டி மாற்றக்கூடாது என்பவை வரை தெரிவு செய்யலாம். நாடகக் குழுக்களுக்கு மாற்றத்தையும் வணிகத்தையும் தடுக்கும் வகையை முதலில் கொடுங்கள். பிறகு தளர்த்த முடியும், இறுக்க முடியாது.

அரியாலையூரான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவற்றை வைத்து நான் எடுக்க விரும்பும் முடிவை எழுதுகிறேன். பழைய நாடாக்களையும் பழைய படங்களையும் இப்போதைக்குத் தொடுவதில்லை. மின்வடிவாக்கிப் பாதுகாப்பதோடு நிறுத்திக்கொள்வோம். முதலில் உயிரோடு இருக்கும் கலைஞர்களைக் கொண்டு ஓர் இசை நாடகத்தைப் புதிதாகப் பதிவு செய்வோம். பாடல் மெட்டுகள் எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்பதை முன்கூட்டியே பட்டியலிட்டு, சினிமா மெட்டுக்கள் இருந்தால் மாற்றச் சொல்வோம். சன்மானம் பதிவு நாளிலேயே கொடுக்கப்படும். நடித்தவர், பாடியவர், பக்கவாத்தியம் வாசித்தவர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர் அனைவரும் தமிழில் எழுதிய பத்திரத்தில் கையொப்பமிடுவர். அந்தப் பத்திரத்தின் சாரமும் கலைஞர்களின் பெயர்களும் நன்கொடைக்கான விபரமும் டொரன்டுக்குள்ளேயே ஓர் எழுத்துக்கோப்பாக இருக்கும். கோப்பு எங்கே போனாலும் அனுமதியும் அதனோடு போகும். பூட்டு எதுவும் போடுவதில்லை.

நெடுந்தீவான் அண்ணா, தொடர்ந்து கணினியை ஓடவிடக்கூடிய மூன்று குடும்பங்களையாவது வெவ்வேறு நாடுகளில் பிடித்துத் தாருங்கள். அவர்களில் ஒருவர் நிறுத்தினால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

ரொறன்ரோ நெடுந்தீவான் எழுதியது:

நானும் ஒஸ்லோவிலிருக்கும் என் மச்சானும் உறுதி. பரிசில் ஒருவரைக் கேட்டிருக்கிறேன்.

நல்லூர்ச் சட்டத்தரணி எழுதியது:

பத்திரத்தின் வரைபை எனக்கு அனுப்புங்கள், கட்டணமின்றிப் பார்த்துத் தருகிறேன். இரண்டு விடயங்களை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். நாடகத்தில் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நடித்தால் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். நாடகப் பிரதியை எழுதியவர் காலமாகி 70 ஆண்டு கடக்கவில்லை என்றால் அவரது வாரிசுகளின் கையொப்பமும் வேண்டும். நடிகர்கள் எல்லோரும் சம்மதித்தாலும் அந்த ஒன்று இல்லாமல் வெளியிட முடியாது.